தோள் ஆடக் கூடாது

மே 9, சனி
உள்ளே 65.1. வெளியே 62.4. தண்ணீர் 700 மில்லி.

இந்த நோட்டை டயட்டீஷியன் அம்மா கொடுத்தார். டயாலிசிஸுக்கு முன்னால் எடை, பின்னால் எடை, அன்றைக்குக் குடித்த தண்ணீர், அவ்வளவுதான் எழுத வேண்டுமாம். ஒரு பக்கத்துக்கு மூன்று எண்கள் எழுதிவிட்டு மிச்சத்தைச் சும்மா விட எனக்கு மனசு வராது. பம்ப்செட் கம்பெனியில் இருபது வருஷம் வரைபடம் போட்டவன் நான். ஒரு தாளைக்கூட வீணாக்கிப் பழக்கமில்லை. அதனால் மிச்ச இடத்தில் பந்தயத்தை எழுதப் போகிறேன்.

இன்று தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் மூன்று வாரம் ஓடும் சைக்கிள் பந்தயம். இருபத்தொரு கட்டங்கள், தினம் ஒன்று, நடுவில் இரண்டு திங்கட்கிழமை ஓய்வு. எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவன் ஜெயித்தான். அங்கே மத்தியானம் என்றால் நமக்குச் சாயங்காலம். எங்கள் ஷிப்ட் செவ்வாய், வியாழன், சனி, மூன்றரையிலிருந்து ஏழரை. எங்களுக்காகவே அட்டவணை போட்ட மாதிரி இருக்கிறது.

எங்கள் என்றால் ஐந்தாம் கட்டிலில் நான், ஆறாம் கட்டிலில் வெள்ளியங்கிரி அண்ணன். ஸ்பின்னிங் மில்லில் ஃபோர்மேனாக இருந்தவர், வயது ஐம்பத்தாறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வார்டு டிவியில் சீரியலை மாற்றப் போய் இந்தப் பந்தயத்தில் மாட்டிக்கொண்டோம். இப்போது என் டேப்லெட்டை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலில் நிறுத்தி வைத்துப் பார்க்கிறோம். மூன்று வருஷமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

அண்ணனின் ஆள் சால்வோ மரேட்டி. இத்தாலிக்காரன், ஐம்பத்தேழு கிலோ, மலை கண்டால் துள்ளுவான். என் ஆள் யோர்ன் ஹால்பெக். எழுபத்திரண்டு கிலோ, ஒரே சீராக மிதிப்பான், தனியாக நேரத்தோடு போட்டி போடும் கட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. மலையில் கொஞ்சம் விடுவான், சமவெளியில் அள்ளிவிடுவான்.

"அம்பத்தேழு கிலோ தம்பி! என்ற டிரை வெயிட்டும் அதேதான்" என்றார் அண்ணன். மிஷின் நீரையெல்லாம் எடுத்த பிறகு நிற்க வேண்டிய எடை அது.

"எடை ஒண்ணா இருந்தா போதுங்களாண்ணா? அவன் மலை ஏறுறான், நீங்க லிஃப்ட் இல்லாட்டி டயாலிசிஸுக்கே வர்றதில்லை."

பந்தயம் கட்டியாயிற்று. தோற்றவர் ஒரு இமாம்பசந்த் கொண்டுவர வேண்டும். மாம்பழத்தில் பொட்டாசியம், எங்களுக்கு விஷம்தான், ஆனால் டயாலிசிஸின் முதல் மணி நேரத்தில் இரண்டு துண்டு தின்றால் மிஷின் கழுவிவிடும். ரெஜினா சிஸ்டரும் அதற்கு மட்டும் கண்டுகொள்ள மாட்டார்.

மே 10, ஞாயிறு
தண்ணீர் 750. குக்கருக்கு கேஸ்கெட் வாங்கினேன். சப்பைக் கட்டம், கடைசி இருநூறு மீட்டர் வரைக்கும் தூக்கம் வந்தது.

மே 12, செவ்வாய்
உள்ளே 65.6. வெளியே 62.5. தண்ணீர் 800. அளவு தாண்டியதற்கு மனைவி கோமதி திட்டினாள்.

வெயில் கொளுத்துகிறது. பந்தயத்தில் ஒருவன் தண்ணீர் பாட்டிலைப் பாதி குடித்து, மீதியைத் தலையில் ஊற்றி, பாட்டிலை வேலி ஓரம் வீசினான். அண்ணனும் நானும் அந்தப் பாட்டிலையே பார்த்தோம். பிறகு அண்ணன் சொன்னார், "அதுல எனக்கு ஒரு நாள் ஓடியிருக்கும்."

அண்ணனுக்கு இரண்டு கையிலும் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து பெரிதாக்கிய குழாய், அடைத்துவிட்டது. ஊசி போட ரத்தக்குழாய் இல்லாமல் இப்போது கழுத்தில் டியூப் வைத்து அதன் வழியாக ஓட்டுகிறார்கள். அது நெடுநாள் தாங்காது, கிருமி சேரும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் பட்டியல் அவருக்கு அவ்வளவு முக்கியம். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்காக ஆஸ்பத்திரியில் பதிவு செய்து காத்திருக்கும் பட்டியல். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை. அண்ணன் முதலாம் எண். நான் ஐந்து.

"ஹால்பெக் மாதிரி உட்கார்ந்துட்டு இருக்கறே நீ" என்பார். "நாந்தான் முன்னால போறேன். என்ற பின்னாலயே காத்து படாம வா." பந்தயத்தில் முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குக் காற்றை மறைப்பான்.

மே 14, வியாழன்
உள்ளே 65.0. வெளியே 62.4. தண்ணீர் 700.

மரேட்டி இன்று கூட்டத்தின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. தொண்டை சரியில்லை என்று யாரோ சொல்கிறார்களாம். ஒருவன் முடியாமல் இருந்தால் காட்டிக்கொள்ள வேண்டுமா கூடாதா என்று நல்ல விவாதம் நடந்தது. அண்ணன் ரொம்பக் கவனமாகக் கேட்டார்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. மிஷின் கத்தியதில் கடைசி ஏற்றத்தைப் பார்க்க முடியவில்லை.

மே 16, சனி
உள்ளே 65.3. வெளியே 62.5. தண்ணீர் 750.

முதல் பெரிய மலை. கட்டம் எட்டு. ஏற்றத்தின் அடியில் ஹால்பெக்கின் அணி முன்னால் வந்து வேகத்தைக் கூட்டியது. இது அவனுக்குப் பாதுகாப்பு. முன்னால் வேகம் அதிகமாக இருந்தால் மரேட்டி மாதிரி ஆட்களுக்குத் துள்ளிக் கிளம்ப மூச்சு இருக்காது. நான் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கம் திரும்பிப் பார்த்தால் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து வைத்திருக்கிறார். கட்டில் லேசாக ஆடுகிறது.

"குளிருங்களாண்ணா?"

"ஏசிடா தம்பி."

மிஷின் போட்டு அரை மணி நேரத்தில் குளிர் வந்தால் அது ஏசி இல்லை. டியூப் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. டியூப்பில் இருக்கும் கிருமி ரத்தத்தோடு உள்ளே போகிறது என்று அர்த்தம்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். வியாழன் ராத்திரியே காய்ச்சல். இன்று வரும்போது மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாராம், உள்ளே நுழையும்போது வைக்கும் தெர்மாமீட்டரில் தெரியக் கூடாதென்று.

"சிஸ்டர்கிட்டச் சொல்லிறாத. காய்ச்சல்னு எழுதுனா பட்டியல்ல நிறுத்தி வெச்சுருவாங்க. அப்பறம் அடிக்குப் போயிருவேன். ரெண்டு வருஷம் காத்தாச்சு தம்பி, இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ."

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் உயிர், அவர் முடிவு.

மரேட்டி கடைசி மூன்று கிலோமீட்டரில் கிளம்பி நாற்பது விநாடி எடுத்தான். சொன்னேன் பாரு என்று அண்ணன் கட்டை விரலைக் காட்டினார். விரலும் ஆடியது.

மே 17, ஞாயிறு
தண்ணீர் 700.

கோமதி காய்களை வேகவைத்து நீரை வடித்து, மறுபடி வேகவைத்துக் கொடுத்தாள். பொட்டாசியம் போகிறதோ இல்லையோ, ருசி போய்விடுகிறது. பீர்க்கங்காயும் கேரட்டும் ஒரே மாதிரி இருக்கிறது.

நாலு மணிக்கு அண்ணனே போன் பண்ணினார். பத்தாம் கட்டத்துத் தனி ஓட்டத்தில் மரேட்டி எவ்வளவு இழப்பான் என்று கேட்டார். இரண்டரை நிமிஷம் என்றேன். ஒன்றரைக்கு மேல் போகாது என்றார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. குரல் நன்றாகத்தான் இருந்தது.

மே 19, செவ்வாய்
உள்ளே 65.9. வெளியே 62.9. தண்ணீர் 850. கால் கொஞ்சம் வீக்கம்.

தனி ஓட்டம். நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு ஆள் இரண்டு நிமிஷ இடைவெளியில் அனுப்புகிறார்கள். காற்றை மறைக்க முன்னால் யாரும் இல்லை. ஹால்பெக் முதுகில் தட்டு வைத்தால் தண்ணீர் சிந்தாது, அவ்வளவு அசையாமல் போனான். மரேட்டி இரண்டு நிமிஷம் இருபது விநாடி இழந்தான். மொத்தத்தில் இரண்டே முக்கால் நிமிஷம் பின்னால். என் கணக்கு பத்து விநாடிதான் தப்பு.

அண்ணன் கண்ணை மூடியபடி சொன்னார், "மூணாவது வாரம் இருக்குதல்லோ. தூரத்துல இருந்தே அட்டாக் பண்ணோணும். அறுபது கிலோமீட்டர் இருக்கறப்பவே."

"அறுபதுல கிளம்புனா நாப்பதுல செத்துருவானுங்ணா. பொறுமையா இருந்து கடைசி ஏத்தத்துல போனாத்தான்."

"பொறுமையா இருக்கறதுக்கு அவங்கிட்ட என்ன இருக்குது?"

இன்றும் குளிர் வந்தது. போன தடவையை விட ஜாஸ்தி. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது. ரெஜினா சிஸ்டர் என் மிஷினில் எண் பார்க்க வந்தவர் நின்று கேட்டார், "அண்ணனுக்கு நடுங்குதா?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஏசி காத்து நேரா அவர் மேல அடிக்குதுங்க சிஸ்டர். கொஞ்சம் குறைங்க" என்றேன்.

சிஸ்டர் குறைத்தார்.

மே 20, புதன்
தண்ணீர் 700. சும்மா டேப்லெட்டில் ஆஸ்பத்திரிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஐந்துதான்.

மே 21, வியாழன்
உள்ளே 64.9. வெளியே 62.4. தண்ணீர் 600.

காலை ஐந்தே முக்காலுக்கு அண்ணன் போன். மூச்சு வாங்கியது. "கூப்பிட்டுட்டாங்க தம்பி! உடனே வரச் சொல்றாங்க. பச்சத்தண்ணி கூடக் குடிக்காம வரோணுமாம்!" பின்னால் அவர் மனைவி சரோஜாக்கா அழுதுகொண்டே பையில் துணி அடுக்குவது கேட்டது. நானும் சத்தம் போட்டுவிட்டேன். கோமதி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். கூடவே, முதலாம் எண் போனால் நான் நான்கு என்பதும் அந்த நிமிஷத்திலேயே தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு சரோஜாக்கா கூப்பிட்டார். அங்கே போனதும் காய்ச்சல் நூற்று மூன்று. மாத்திரை போட வழியில்லை, தண்ணீர் குடிக்கக் கூடாதே. ரத்தம் முழுக்கக் கிருமி பரவியிருக்கிறதாம். இந்த நிலைமையில் ஆபரேஷன் செய்ய முடியாது என்று நேராக ஐசியுவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிறுநீரகம் பட்டியலில் அடுத்தவருக்குப் போனது.

சாயங்காலம் நான் மட்டும். ஸ்டூலில் டேப்லெட் இருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று எழுத நினைவில்லை.

மே 23, சனி
உள்ளே 65.2. வெளியே 62.5. தண்ணீர் 650.

ஆறாம் கட்டில் காலி. விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

ரெஜினா சிஸ்டர் ஊசி போடும்போது பேசினார். "ஏன்ணா அவர் காய்ச்சலை மறைச்சார்? ஆன்டிபயாட்டிக் போட்டு, டியூபை மாத்தியிருந்தா பதினஞ்சு நாள்ல சரியாயிருக்கும்."

"பட்டியல்ல அடிக்குப் போயிருவோம்னு பயந்திருப்பாருங்க."

"அடிக்கா? யார் சொன்னது? நிறுத்தி வைப்பாங்க, சரியானதும் அதே இடத்துக்குத் திரும்ப வந்துடுவாங்க. சீனியாரிட்டி போகாது. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

இரண்டு வருஷமாகப் பட்டியலைத் தினமும் பேசுகிறோம். இதை ஒரு தடவை கூட யாரையும் கேட்கவில்லை. ஹால்பெக்கின் கால் எத்தனை வாட் தள்ளும் என்று தெரியும். மரேட்டியின் பின்பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று தெரியும்.

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாராண்ணா?" என்று சிஸ்டர் கேட்டார். மிஷினைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

பதினாலாம் தேதியை நான் சரியாக எழுதவில்லை. விவாதம் நடந்தது என்று எழுதியிருக்கிறேன். விவாதம் இல்லை. அண்ணன் கேட்டார், "முடியாமப் போச்சுன்னா சொல்லிறது நல்லதா தம்பி, மறைக்கறது நல்லதா?" நான் பெரிய மேதாவி மாதிரி அரை மணி நேரம் பேசினேன். ஏற்றத்தில் ஒருவனுக்கு முடியவில்லை என்பது முதலில் தோளில்தான் தெரியும், தோள் இப்படி அப்படி ஆடும், அதைப் பார்த்த உடனே மற்றவர்கள் அட்டாக் பண்ணுவார்கள், அதனால் உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் தோள் ஆடக் கூடாது, வாயை மூடிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும், இதுதான் பெரிய ஓட்டக்காரனுக்கு அழகு என்றேன். அண்ணன் தலையாட்டினார். அன்று ராத்திரிதான் அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது.

அவர் முதலாம் எண், நான் ஐந்தாம் எண். ஐந்தாம் எண்காரனிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

மே 24, ஞாயிறு
தண்ணீர் 500.

ஐசியுவில் ஐந்து நிமிஷம் விட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் விரலை மேலே தூக்கி மலை மாதிரி வரைந்தார். பந்தயத்தைக் கேட்கிறார்.

"ஒண்ணே முக்கால் நிமிஷம் பின்னாலீங்ணா. நேத்து ஒரு நிமிஷம் எடுத்துட்டான்."

மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"அறுபதுல."

"சரீங்ணா. அறுபதுலதான்."

எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவன் ஒத்துக்கொண்டதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பயந்தார் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிட்டு வந்திருக்கலாம்.

மே 25, திங்கள்
பந்தயத்துக்கு ஓய்வு நாள். காலை ஆறு பத்துக்கு அண்ணன் போய்விட்டார்.

மே 26, செவ்வாய்
உள்ளே 66.4. வெளியே 63.0. நேற்று தண்ணீரை அளக்கவில்லை.

சுடுகாட்டில் பாதியில் கிளம்ப வேண்டியதாகிவிட்டது, தலை சுற்றியது. இன்று வழக்கம்போல் மூன்றரைக்கு ஷிப்ட். எங்களுக்குத் துக்கத்துக்கு லீவு கிடையாது.

ஆறாம் கட்டிலுக்குப் புது ஆள் வந்திருக்கிறார். சூலூர்ப் பக்கம், கோழிப்பண்ணை. கழுத்தில் டியூப். டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, சும்மா போயிட்டே இருக்கறாங்க?" என்றார். ஆமாங்க என்றேன்.

மே 28, வியாழன்
உள்ளே 65.0. வெளியே 62.6. தண்ணீர் 700. பார்க்கவில்லை.

மே 30, சனி
உள்ளே 65.4. வெளியே 62.5. தண்ணீர் 750.

கடைசி மலைக் கட்டம். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், ரெஜினா சிஸ்டரே ஸ்டூலை இழுத்து வைத்து டேப்லெட்டை நிறுத்திவிட்டுப் போனார்.

மரேட்டி ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி பின்னால். முடிவுக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, எந்தக் கிறுக்கனும் கிளம்ப மாட்டாத இடத்தில், சீட்டிலிருந்து எழுந்து நின்று கிளம்பினான். நாற்பதில் செத்துவிடுவான் என்றேனே, நாற்பதில் ஒரு நிமிஷம் முன்னால் இருந்தான். ஹால்பெக் பின்னால் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். கணக்கு முடிவதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. மொத்தத்தில் ஒன்பது விநாடி வித்தியாசத்தில் மரேட்டி முதலிடம். நாளைக்கு ஊர்வலம் மாதிரிதான், இனி மாறாது.

ஆறாம் கட்டிலைப் பார்த்து, "ஜெயிச்சுட்டீங்ணா" என்று சொல்லத் திரும்பினேன். கோழிப்பண்ணைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு பேட்டி. மரேட்டியின் பேச்சு கீழே ஆங்கிலத்தில் ஓடியது. முதல் வாரத்தில் அவனுக்கு நிஜமாகவே காய்ச்சலாம். அன்றைக்கே அணி டாக்டரிடம் சொல்லிவிட்டானாம். அவனைச் சுற்றி நான்கு பேர் காற்றை மறைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஒரு வாரம் சுமந்து வந்தார்களாம். மற்ற அணிக்குத்தான் தெரியாமல் பார்த்துக்கொண்டார்களாம்.

மூன்று வருஷம் பார்த்தும் எனக்கு இது தெரியவில்லை. மறைப்பது எதிராளியிடம். சொந்த டாக்டரிடம் எவனும் மறைப்பதில்லை. நான் பாதிப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்து ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன்.

மே 31, ஞாயிறு
தண்ணீர் 700.

காலையில் உழவர் சந்தையில் ஒரு இமாம்பசந்த் வாங்கினேன். தோற்றது நான்தானே. துக்க வீட்டுக்குப் பழம் கொண்டு போவார்களா என்று கோமதி கேட்டாள். கேட்காமல் துணிப்பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். போய் உட்கார்ந்த பிறகு பையைக் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டேன். அறை முழுக்க வாசனை அடித்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

சரோஜாக்கா எதிரில் உட்கார்ந்தார். "காச்ச இருந்துது எனக்குத் தெரியாதுங்க தம்பி. அவரா மாத்திரை வாங்கித் தின்னுருக்காரு, சட்டைப் பையில காலி அட்டை கெடந்துது. பக்கத்துலயே இருந்தீங்களே, உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லீங்க்கா" என்றேன்.

தோள் ஆடவில்லை.

"உங்ககிட்டயும் சொல்லலையா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எப்பப் பார்த்தாலும் உங்க பேச்சுத்தான். தனபாலு யோசிக்காமப் பேச மாட்டான், அவன் சொன்னாக் கேட்டுக்கலாம்னு சொல்லிட்டே இருப்பாரு."

காப்பி கொடுத்தார். அளவு பார்க்காமல் முழுக்கக் குடித்தேன். மேலே எழுதிய எழுநூற்றில் அது சேரவில்லை.

வீட்டுக்கு வந்து பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூன்று. ஐந்திலிருந்து பதினோரு நாளில் மூன்று. எனக்கு முன்னால் இருந்தவர்களில் இரண்டு பேர் குறைந்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் கிடைத்தது.